ஞாயிற்றுக்கிழமை வாடை

ஞாயிற்றுக்கிழமை மட்டும் நாறுகிற ஏசி என்று ஒரு புகார்ச் சீட்டு என் கைக்கு வந்தது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கோயமுத்தூரைச் சுற்றி ஏசி கல்யாண மண்டபங்கள் ஒவ்வொன்றாக முளைத்துக்கொண்டிருந்த காலம். நான் ஐடிஐ முடித்துவிட்டு ஒரு சர்வீஸ் காண்ட்ராக்டரிடம் மெக்கானிக்காக இருந்தேன். சீட்டைக் கொடுத்த சூப்பர்வைசர், ஏசிக்குக் கிழமை தெரியுமா என்று கேட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். விலாசத்தைப் பார்த்ததும் என் சிரிப்பு நின்றுபோனது.

அந்த மண்டபம் சரவணம்பட்டிக்குப் போகிற சத்தி ரோட்டில் இருந்தது. அதன் பின்சுவரை ஒட்டி, மழைக்காலத்தில் மட்டும் தண்ணீர் ஓடுகிற ஒரு பள்ளம். பள்ளத்தின் கரையில் புறம்போக்கு நிலத்தில் பதினோரு ஓட்டு வீடுகள். அந்த வளவில் மூன்றாவது வீட்டுக்குத்தான் என் அக்காவைக் கட்டிக்கொடுத்திருந்தோம். மண்டபம் நிற்கும் இடம் முன்பு தோட்டமாக இருந்தது. வளவுக்காரர்கள் எல்லோரும் தலைமுறையாக அந்தத் தோட்டத்தில் பண்ணையத்துக்கு இருந்தவர்கள். தோட்டம் மண்டபமானதும் வேலை போய்விட்டது, வீடு மட்டும் மிஞ்சியது.

மண்டபத்துக்காரருக்குக் கார் நிறுத்த இடம் போதவில்லை. பின்னால் இருந்த வீடுகளுக்குப் பட்டா இல்லை. இரண்டையும் சேர்த்துப் பார்க்க அவருக்கு அதிக நாள் ஆகவில்லை. வீடுகளைக் காலி செய்யச் சொல்லி இரண்டு முறை மனுக் கொடுத்திருந்தார். இவர்களால் யாருக்கும் இடைஞ்சல் இல்லையே என்று இரண்டு முறையும் அதிகாரிகள் மனுவைத் தள்ளிவிட்டார்கள். அடுத்த தடவை ஏதாவது ஒரு இடைஞ்சலைக் கண்டுபிடித்துக்கொண்டுதான் வருவார் என்று அக்கா சொல்லியிருந்தாள். வளவே அந்தப் பயத்தில்தான் இருந்தது.

இதெல்லாம் தெரிந்துதான் நான் டூல்ஸ் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். வேறு ஆளை அனுப்புங்கள் என்று சொல்லியிருக்கலாம். ஏன் என்று கேட்பார்கள். பதில் சொன்னால் நான் யார் என்பதும் தெரிந்துவிடும். கணபதியில் நான் குடியிருந்த அறையின் வீட்டுக்காரருக்கும் தெரியாது, கூட வேலை செய்தவர்களுக்கும் தெரியாது. பேண்ட் சட்டையும் ஸ்குரு டிரைவரும் இருந்தால் ஊர் அதற்குமேல் தோண்டாது என்று அப்போது நம்பிக்கொண்டிருந்தேன். அக்கா வீட்டுக்கே வருஷத்துக்கு இரண்டு முறைதான் போவேன், அதுவும் பின்பக்கச் சந்து வழியாக.

நான் போனது ஒரு புதன்கிழமை. மண்டபம் காலியாக இருந்தது. மேனேஜர் மொட்டை மாடிக்குக் கூட்டிப்போனார். ஆனி மாசக் காற்று ஆளைத் தள்ளியது. மாடியின் பின் ஓரத்தில் லாரி கேபின் அளவுக்கு அந்த ஏசி யூனிட் உட்கார்ந்திருந்தது. அதன் முதுகில் தகரத்தில் ஒரு கூண்டு. கூண்டுக்குள் பழைய வீட்டு ஜன்னல் பலகைகள் மாதிரி சாய்ந்து திறந்து மூடும் தகடுகள். அவற்றைத்தான் டேம்பர் என்போம். வெளிக்காற்றை அளவாக உள்ளே விடுவது அதன் வேலை. முழுக்க மூடினால் உள்ளே இருப்பவர்கள் ஒருவர் விட்ட மூச்சை இன்னொருவர் இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். முழுக்கத் திறந்தால் வெளியே இருக்கிற அத்தனையும் உள்ளே வந்துவிடும்.

தகடுகள் ஆவென்று திறந்து கிடந்தன. மீட்டரை வைத்துப் பார்த்தேன். அவற்றைத் திருப்புகிற சின்ன மோட்டாருக்குக் கரண்ட் சரியாக வந்தது. மோட்டாரும் திரும்பியது. தகடுதான் அசையவில்லை. மோட்டாரையும் தகட்டையும் இணைக்கிற கம்பியில் திருகு தேய்ந்து மொட்டையாகி, மோட்டார் தன்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. கூண்டுக்குள் புறா இறகும் குச்சியும் வேறு. எல்லாவற்றையும் வழித்துப் போட்டு, எண்ணெய் விட்டு, புதுத் திருகு மாட்டி, கால்வாசித் திறப்பில் நிற்கும்படி வைத்தேன். அரை மணி நேர வேலை. என் கை நல்ல கை. அதில் இன்றைக்கும் எனக்குச் சந்தேகம் கிடையாது.

ஆனால் புகார் வாடையைப் பற்றியது. தகடு எவ்வளவு திறந்திருந்தாலும் வெளியே நாற்றம் இல்லாமல் உள்ளே நாறாது. கூண்டுக்குக் கீழே குனிந்து பார்த்தேன். ஒரு முழத்துக்குள், கைப்பிடிச் சுவரோடு சுவராக, அறுத்து விட்ட ஒரு பிளாஸ்டிக் குழாயின் வாய் தெரிந்தது. முகர்ந்து பார்த்ததும் தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன். கக்கூஸ் தொட்டியின் காற்றுக் குழாய். அது ஆள் உயரத்துக்கு மேலே போயிருக்க வேண்டும். ஏன் இப்படி அறுத்தீர்கள் என்று கேட்டேன். ரோட்டிலிருந்து கல்யாண வீடியோ எடுக்கும்போது மண்டபத்துப் பெயர்ப் பலகைக்குப் பக்கத்தில் குழாய் நட்டுக்கொண்டு தெரிந்ததாம். பார்க்க அசிங்கமாக இருக்கிறதென்று முதலாளிதான் அறுக்கச் சொன்னாராம்.

மேனேஜரிடம் ஊதுபத்தி வாங்கிக் கொளுத்தினேன். யூனிட்டை ஓடவிட்டு, காற்றுக்கு என் உடம்பை மறைப்பாக வைத்துக்கொண்டு, குழாயின் வாயருகே பிடித்தேன். புகை அக்கம்பக்கம் பார்க்காமல் நேராகக் கூண்டுக்குள் போனது. அவ்வளவுதான் விஷயம். சாதாரண நாளில் ஆள் இல்லை, நாற்றமும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை எண்ணூறு பேர் வருகிறார்கள், தொட்டி பொங்குகிறது. எல்லோருக்கும் லீவு நாள் என்று முகூர்த்தங்களை ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து வைக்க ஆரம்பித்திருந்த சமயம் அது. அவர்கள் மூக்கில் ஏறியது அவர்கள் விட்டதுதான். ஆறடிக் குழாயும் ஒரு வளைவும் வாங்கி ஒட்டினால் தீர்ந்துவிடும்.

அப்போதுதான் கீழேயிருந்து சத்தம் வந்தது.

"ஏங் கண்ணு, மேல நிக்கறது நீயா?"

அக்கா. பின்சுவருக்கு அந்தப் பக்கம், அவள் வீட்டு வாசலில், ஈரத்துணியோடு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் குரலில் அவ்வளவு சந்தோஷம். தம்பி இத்தனை பெரிய மெஷினுக்குப் பக்கத்தில் நிற்கிறான் என்ற சந்தோஷம். மேனேஜர் என் முகத்தைப் பார்த்தார். நான் யூனிட் பக்கம் திரும்பி, ஏற்கெனவே இறுக்கிய திருகை மறுபடியும் இறுக்க ஆரம்பித்தேன். அவள் இன்னொரு தடவை கூப்பிட்டாள். உங்களையா கூப்பிடுகிறது என்று மேனேஜர் கேட்டதற்கு, இல்லீங்க, வேறு யாரையோ போலிருக்கிறது என்றேன். மூன்றாம் தடவை அவள் கூப்பிடவில்லை. நான் அந்தத் திருகிலிருந்து கண்ணை எடுக்க வெகு நேரமாயிற்று.

குழாயை உயர்த்தும் விஷயத்தை மேனேஜரிடம் சொன்னேன். முதலாளியைக் கேட்காமல் ஒரு ஆணிகூட அடிக்க முடியாது என்றார். ஞாயிற்றுக்கிழமை முதலாளியின் தங்கை மகளுக்கே இங்கே கல்யாணம், நேரில் வந்து நீங்களே சொல்லிவிடுங்கள் என்றார். வழியில் ஹார்டுவேர் கடையில் இறங்கிக் குழாய் வாங்கி நானே ஒட்டியிருக்கலாம். யாரும் என் கையைப் பிடித்திருக்க மாட்டார்கள். பல வருஷங்களாக இதை நினைத்து நினைத்து என் மண்டைதான் காய்ந்துபோயிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போனேன். மண்டபம் நிறைந்திருந்தது. முன்வரிசைக்குப் பக்கத்தில் முதலாளியைக் காட்டினார்கள். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, மோதிரம். கெட்ட மனிதர் என்று முகத்தில் எழுதியிருக்கவில்லை. என்னைப் பார்த்து எழுந்தே நின்றார். வாங்க தம்பி என்றார். மரியாதைக்கு எங்கள் பக்கத்தில் என்றைக்குமே குறை இருந்ததில்லை. காபி சாப்பிட்டாயிற்றா என்று விசாரித்தார். அப்புறம் ஊரைக் கேட்டார். தொண்டாமுத்தூர் பக்கம் என்றேன்.

"எந்தத் தோட்டமுங்க?"

எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு இந்தக் கேள்வி தெரியும். என்ன சாதி என்று யாரும் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள், அது மரியாதை இல்லை. தோட்டத்தின் பேரைக் கேட்டால் போதும், மிச்சம் தானாக வந்துவிடும். நான் பிறந்த தோட்டத்தின் பேரைச் சொன்னேன். அதில் பொய் எதுவும் இல்லை. அந்தத் தோட்டத்து மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் இருந்த குடிசையில்தான் பிறந்தேன். என் அப்பா அங்கேதான் தென்னைக்குத் தண்ணீர் கட்டினார், யானை வரும் ராத்திரிகளில் தகரம் தட்டினார். இதையெல்லாம் நான் சொல்லவில்லை. பேரை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அட, அவிய நமக்கு ஒறம்பரைங்க. நம்மூட்டுப் பையனாட்ட இருக்குது" என்று சொந்தம் கொண்டாடி என் தோளில் கையைப் போட்டார். பக்கத்தில் இருந்த சம்பந்தியிடம் என்னைக் காட்டி, நம்ம பையன், ஏசி என்ஜினியர் என்றார். மெக்கானிக் ஒரு நொடியில் என்ஜினியராகிவிட்டேன். அந்தக் கை என் தோளில் கிடந்ததை நான் விலக்கவில்லை. எனக்குப் பிடித்திருந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் சொல்லித்தான் ஆக வேண்டும், எனக்கு ரொம்பவும் பிடித்திருந்தது.

முகூர்த்தம் நெருங்கக் கூட்டம் நெருக்கியது. வாடை வந்தது. டேம்பரைக் கால்வாசிக்கு வைத்திருந்ததால் முன்பைவிடக் குறைவு என்றார்கள், ஆனாலும் வந்தது. சம்பந்தி துண்டை மூக்கருகே கொண்டுபோனார். முதலாளிக்கு முகம் சுண்டிப்போயிற்று.

"பின்னால ஒரு வளவு இருக்குதுங்க. ஞாயித்துக்கெழமையானா ஆக்கறானுக. என்ன கறியோ, ஏது கறியோ" என்று சம்பந்தியிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்.

சம்பந்தி தலையாட்டி, ஆமாம், கறி வாடைதான் என்றார். அவர் சொன்னதும் பக்கத்து நாற்காலிக்காரருக்கும் கறி வாடை அடித்தது. அந்த வரிசை முழுவதும் அதையே சொல்லிக்கொண்டது. அரைமணி நேரத்துக்கு முன்னால் ஏதோ ஒரு வாடையாக இருந்தது, இப்போது எண்ணூறு பேருக்கும் கறியாகிவிட்டது. மூக்கும் மனிதன் சொல்கிறபடிதான் கேட்கும் போலிருக்கிறது. அக்கா வீட்டில் அன்று அடுப்பே பற்ற வைத்திருக்கவில்லை என்று பின்னால் தெரிந்தது. காலையில் எல்லோரும் ஒரு சாவுக்குப் போயிருந்தார்கள்.

நான் வாயைத் திறந்தேன். முகூர்த்த நேரத்தில், சம்பந்தியின் முன்னால், உங்கள் கக்கூஸ்தான் நாறுகிறது என்று எப்படிச் சொல்வது? மரியாதைப்பட்ட வார்த்தையாகத் தேடினேன். மாடியில் ஒரு பைப் இருக்கிறது, அதைக் கொஞ்சம் உயர்த்தினால் சரியாகிவிடும் என்று இழுத்தேன். அவர் முடிக்க விடவில்லை.

"பைப்பு கெடக்கட்டுங்க தம்பி. வாடை எங்கிருந்து வருதுன்னு நம்மளுக்குத் தெரியாதுங்களா? நீங்க நம்மாளு, உங்களுக்கு நாஞ் சொல்லோணுமா?"

அவர் பொய் சொல்லவில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அப்படித்தான் அவர் நிஜமாகவே நம்பினார். தன் வீட்டில் நாற்றம் அடித்தால் அது அந்தச் சுவருக்குப் பின்னாலிருந்துதான் வந்திருக்க வேண்டும் என்பதில் அவருக்குச் சந்தேகமே எழவில்லை. ஆனால் எனக்குத் தெரியும். ஊதுபத்திப் புகை போன வழியை நான் கண்ணால் பார்த்தவன். தோளில் அந்தக் கை இருக்கும்போது என் வாயில் கொழுக்கட்டை. செரிங்க என்றேன்.

என்னை முதல் பந்தியில் தனக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார். இலையில் இனிப்பு விழுந்தது. என் அப்பா இப்படி ஒரு பந்தியில் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. கடைசியில், பின்வாசலில், பாத்திரத்தில் வாங்கிக்கொண்டு போவார். நான் அந்த இனிப்பை ஒரு துணுக்கு விடாமல் தின்றேன்.

வெளிக்காற்றே உள்ளே வராமல் அடைத்துவிடுங்கள் என்று பந்தியில் முதலாளி சொல்லியிருந்தார். சாப்பிட்டு முடித்ததும் மாடிக்குப் போய், சொன்னபடி டேம்பரை முழுக்க மூடினேன். மறுபடி திறந்துவிடாமல் இருக்கக் கம்பியைக் கட்டுக்கம்பியால் இறுக்கிக் கட்டினேன். திருகை மாற்றிச் சரிசெய்த அதே கைதான் கட்டியது. கீழே வந்ததும், சர்வீஸ் ரிப்போர்ட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள் என்றார் முதலாளி. எங்கள் ரிப்போர்ட்டை ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் இரண்டே வரி எழுதினேன். வெளிக்காற்றில் துர்நாற்றம் இருக்கிறது. அதனால் டேம்பர் மூடப்பட்டது. குழாயைப் பற்றி எழுதவில்லை. எழுதினால் அவர் மனம் நோகும். வளவைப் பற்றியும் எழுதவில்லை. எழுதினால் என் மனம் நோகும். கூண்டுக்கு வெளியே இருப்பது எல்லாமே வெளிக்காற்றுதானே, இதில் பொய் எங்கே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பூசி மெழுகியதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. யாரையும் நோகடிக்காமல் ஒரு வாக்கியம். கிறுக்கலாகக் கையெழுத்துப் போட்டு, கம்பெனி முத்திரை குத்தி, கார்பன் நகலைக் கிழித்துக் கொடுத்தேன். அவர் அதை இரண்டாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். ஏசி ரிப்போர்ட்டை எந்த முதலாளியும் அப்படிப் பத்திரமாக வைத்து நான் பார்த்ததில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

டேம்பரை மூடியதும் வாடை நின்றுவிட்டது. நிற்கத்தானே செய்யும். முதலாளிக்கு அதுவே சாட்சியாகிவிட்டது. அதன் பிறகு அங்கே கல்யாணம் செய்தவர்களுக்கெல்லாம் தலை கனத்தது, குழந்தைகள் காரணமில்லாமல் வீறிட்டன, ஏசி ஓடும்போதே பட்டுப்புடவைகள் வியர்த்தன. காற்றுப் போதவில்லை என்று ஆபீசுக்குப் புகார் வந்துகொண்டே இருந்தது. நான் அந்தப் பக்கமே போகவில்லை. ஒருவர் மூச்சை ஒருவர் இழுத்துக்கொண்டு கிடக்கட்டும் என்று மனதுக்குள் கறுவிக்கொண்டேன். அதைத் தவிர அவர்களை நான் ஒன்றும் செய்யவில்லை.

வளவு இப்போது இல்லை. மூன்றாம் மனு நிற்கும் மனுவாக அமைந்துவிட்டது. பதினோரு குடும்பங்களையும் ஊருக்கு வெளியே, பஸ் வராத ஒரு மேட்டில் கொண்டுபோய்விட்டார்கள். அக்கா வீட்டு அடுப்பு இருந்த இடத்தில் இன்று கார்கள் நிற்கின்றன. விசாரணை நடந்த அன்று நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி ஆபீசில் ஏசி மாட்டிக்கொண்டிருந்தேன். யாரும் என்னை அனுப்பவில்லை. நானாகக் கேட்டு வாங்கிக்கொண்டு போன வேலை அது.

விசாரணைக்குப் பத்து நாள் முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அவசரமாக வரச்சொல்லி மாமா ஆள் அனுப்பியிருந்தார். மாமா என்றால் அக்காவின் வீட்டுக்காரர். வழக்கம்போலப் பின்சந்து வழியாகப் போனேன். அக்கா கறி ஆக்கியிருந்தாள். கொத்தமல்லியும் மிளகும் வறுத்து அரைத்த அந்த வாசம் சந்து முனையிலேயே வந்து என்னைக் கூட்டிப்போனது. சின்ன வயதில் வாரம் முழுவதும் அதற்காகக் காத்துக் கிடப்போம். சுவருக்கு அந்தப் பக்கம் மண்டபத்தில் நாதஸ்வரம் கேட்டது. அக்கா எனக்குத் தட்டு வைத்துச் சோறு போட்டாள். என்னோடு அதிகம் பேசவில்லை.

மாமா ஒரு காகிதக் கட்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். மூன்றாம் மனுவின் நகல்களாம். மற்றதெல்லாம் தமிழில் இருக்கிறது, இது ஒன்று மட்டும் இங்கிலீஷில் இருக்கிறது, இதை வைத்துத்தான் நம்மைக் காலி செய்யப் பார்க்கிறார்கள் என்று மனு எழுதுகிறவர் சொன்னார், என்னதான் எழுதியிருக்கிறதென்று படித்துச் சொல் என்றார். ஜெராக்ஸில் கொஞ்சம் மங்கியிருந்தது. ஆனாலும் முத்திரை தெரிந்தது. இரண்டு வரியும் தெரிந்தது. கீழே அந்தக் கிறுக்கலும் தெரிந்தது.

படித்துச் சொன்னேன். ஒரு வார்த்தை மாற்றவில்லை. அந்தக் குழாயைப் பற்றி அப்போதும் சொல்லவில்லை. சொன்னால் அது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார். மாமா காகிதத்தை வாங்கித் திருப்பிப் பார்த்தார். எந்த வெளிக்காற்று, எந்த நாற்றம் என்று அதில் ஒன்றுமே இல்லையே என்றார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஏன் மாப்ள, இந்த மெக்கானிக் ஆருன்னு கண்டுபுடிச்சு, கையக் காலப் புடிச்சுக் கேட்டா, வந்து நெசத்தைச் சொல்லிப்போடுவானா?"

நான் சோற்றைப் பிசைந்தேன்.

"மாட்டானுங்க மாமா" என்றேன்.

அக்கா அடுப்புப் பக்கமிருந்து கறிச்சட்டியோடு வந்தாள். என்னைப் பார்க்கவில்லை. மாமாவிடம்தான் சொன்னாள்.

"அவனெங்கீங்க சொல்லப்போறான். அன்னிக்கு அவன் மேல நிக்கறப்ப நானே ரெண்டு தடவ கூப்புட்டுப் பாத்தனுங்க. திரும்பவே இல்லீங்க."

சொல்லிவிட்டுக் குனிந்து, என் தட்டில் இன்னும் ஒரு கரண்டி கறி வைத்தாள்.